என் எல்பியை அந்தப் பெட்டியில் போட மாட்டேன்

ஞாயிற்றுக்கிழமை விஷயம் உங்களில் பாதிப் பேருக்குத் தெரியும். மீதிப் பேருக்கு இந்நேரம் யாராவது கண், காது, மூக்கு வைத்துச் சொல்லியிருப்பார்கள். விஷயம் இதுதான்: பரிசாக வந்த சூட்கேஸ் பிளேயரில், அதாவது பெட்டி மாதிரி மூடித் தூக்கிப்போகிற ரெக்கார்ட் பிளேயரில், போட என் எல்பி இசைத்தட்டைக் கேட்டார்கள்; மறுத்துவிட்டேன். "ஒரு பாட்டு போடக்கூடக் கொடுக்காத மகானுபாவர்" என்று தனிப் பதிவே வந்துவிட்டது. அதற்குச் சிரிப்புக் குறி போட்டவர்களில் என் சித்தப்பா மகனும் ஒருவன். நல்லது.

கொடுக்க மாட்டேன் என்றது உண்மைதான். அந்த சூட்கேஸ் பிளேயரில் போடக் கொடுக்க மாட்டேன் என்றேன். இப்பவும் சொல்கிறேன், நாளைக்கும் சொல்வேன்.

கார்ட்ரிட்ஜ் என்பது ஊசியைத் தாங்கி, அதன் அதிர்வை மின்சாரமாக்குகிற பகுதி. அதில் இருப்பது செராமிக் கார்ட்ரிட்ஜ். ஊசி தட்டை ஐந்து கிராம் வரைக்கும் அழுத்தும். நல்ல மூவிங் மேக்னட் (காந்த வகை) கார்ட்ரிட்ஜுக்கு இரண்டு கிராம் பக்கம் போதும். குறைக்கலாம் என்றால், ஊசியைத் தாங்குகிற கையின் பின்னால் அழுத்தத்தைச் சரிசெய்யத் திருகுகிற எடையே கிடையாது. ஸ்பீக்கரும் அதே பெட்டிக்குள். பேஸ், அதாவது கனத்த சத்தம், வந்தால் பெட்டி அதிரும், கூடவே ஊசியும் அதிரும். கல்கத்தா தம் தம் ஆலையில் அச்சாகி, நாற்பது வருஷம் தாண்டிப் பிழைத்த தட்டை இதில் போட வேண்டுமாம்.

"ஒரு தடவை போட்டால் தேய்ந்துவிடுமா?" தேயாதுதான். ஆனால் ஒரு தடவையோடு நிறுத்தின ஆளை எனக்குக் காட்டுங்கள்.

"உங்கள் வீட்டிலும் பெட்டிப் பிளேயர்தானே இருந்தது?" இருந்தது. ஊசி தாவினால் அப்பா அதன் தலையில் ஒரு நாலணாவை வைப்பார்; பாட்டு சமர்த்தாக ஓடும். அந்தத் தட்டுகளை இன்றைக்குப் போட்டால் வயலின் மேலே போகிற இடமெல்லாம் கரகரப்பு. பாடுகிறவர் 'ச' சொல்லும்போது மணலை அள்ளி வீசின மாதிரி இருக்கிறது. அப்பாவுக்கு வேறு வழி இல்லை. உங்களுக்கு இருக்கிறது.

"லட்ச ரூபாய் செட் வைத்திருப்பவரின் மேட்டுக்குடிப் பேச்சு." ஐயா, என் ஆம்ப் (ஆம்ப்ளிஃபையர்) சென்னை ரிச்சி தெருவில் ரிப்பேர் பார்த்து வாங்கின பழசு. ஆடியோ டெக்னிகாவின் எல்பி60 பிளேயர் மாதிரி ஒன்று போதும் என்று எத்தனை பேருக்குச் சொல்லியிருக்கிறேன்! அதிலும் எடையைத் திருக முடியாது, ஆனால் காந்த வகை ஊசி, அழுத்தம் ஆலையிலேயே சரிபார்த்து வரும். போனோ பிரீஆம்பும் உள்ளேயே உண்டு. தட்டில் பேஸைக் குறைத்து, ட்ரெபிளை, அதாவது மெல்லிய மேல் சத்தத்தை, தூக்கித்தான் வெட்டுகிறார்கள். அதை நேராக்குவது அந்த பிரீஆம்ப்தான். வீட்டில் இருக்கிற ஆம்பின் ஆக்ஸ் துளையில் செருகினால் முடிந்தது. மிச்சக் காசை ஸ்பீக்கருக்குப் போடுங்கள், பிளேயர் இருக்கிற மேஜையிலேயே ஸ்பீக்கரை வைக்காதீர்கள். புளூடூத், கலர் லைட் எல்லாம் அப்புறம்.

"ஸ்பாட்டிஃபையில் கேட்கலாமே?" தாராளமாக. பஸ்ஸில் நானும் அதில்தான் கேட்கிறேன்.

பரிசு கொடுத்தவருக்குச் சங்கடமாகிவிட்டதாம். இருபது பேர் நடுவில் "கஞ்சன்" என்று கேட்டுக்கொண்டு நின்றவனுக்கு என்ன ஆயிற்று என்று யாரும் கேட்கவில்லை. அந்தப் பதிவைப் போட்டவர் என் வீட்டு சோபாவில் ராத்திரி பன்னிரண்டு வரை பாட்டுக் கேட்டவர். தட்டை விளிம்பில்தான் பிடிக்கணும் என்று அவர் மகளுக்குச் சொல்லிக்கொடுத்து, ஊசி இறக்கும் லீவரை அவள் கையிலேயே விட்டவன் நான். அப்போதெல்லாம் கஞ்சத்தனம் கண்ணில் படவில்லை போல.

அதே எல்பி வருகிற ஞாயிறு என் வீட்டில் ஓடும். யார் வேண்டுமானாலும் வரலாம், அந்தப் பதிவைப் போட்டவரும்தான். பெட்டியை மட்டும் தூக்கிக்கொண்டு வர வேண்டாம்.