வாயில் ஆறு சொல், கீழே மூன்று

நேற்று ராத்திரி ஒரே ஒரு வரியைப் பதினான்கு முறை கேட்டேன். போர்ச்சுகல் நாட்டுப் படம். அம்மா சமையலறையில் நிற்கிறாள், மகன் வெளியே கிளம்புகிறான், அவள் ஏதோ கேட்கிறாள். என் காதில் விழுந்தது: "ஓந்த்யெக்புஸெஷ்த்தஷாவ்". நடுவில் மூச்சு கிடையாது, இடைவெளி கிடையாது. கீழே போர்ச்சுகீசியத்திலேயே ஓடிய வசன வரி (சப்டைட்டில்): "இ அ ஷாவெ?" அதாவது, "சாவி?"

அவள் வாயில் ஆறு சொல். கீழே மூன்று. மீதி எங்கே போச்சு?

பதினான்காவது முறைதான் உடைத்துப் பார்க்க முடிந்தது. ஓந்தெ, எ, கெ, புஸெஷ்தெ, அ, ஷாவெ. "சாவியை எங்கே வைத்தாய்?" இதில் இன்னொரு வயிற்றெரிச்சல் என்னவென்றால், அந்த ஷாவெதான் நம்முடைய சாவி. ஐந்நூறு வருஷத்துக்கு முன்னால் கப்பலில் வந்தவர்கள் ஜன்னல், மேசை, அலமாரியோடு சேர்த்து நம் மொழியில் விட்டுப்போன சொல். தினம் பத்து முறை என் வாயில் வருகிற சொல்லை என் காதே பதின்மூன்று முறை அடையாளம் காணவில்லை.

போர்ச்சுகீசியம் கற்கிறேன் என்று இந்த லட்சணத்தில் எட்டு மாதம் ஓடிவிட்டது. எல்லாம் அந்த ஒரு யோசனையால். "இலக்கணப் புத்தகத்தைத் தூக்கிப் போடுங்க. படம் பாருங்க. தானா வந்துடும்." இதைச் சொல்லாத ஆள் இல்லை. சொன்னவர்களில் பாதிப் பேர் ஏற்கெனவே ஸ்பானிஷ் தெரிந்தவர்கள் என்பது பிற்பாடுதான் தெரிந்தது. அவர்களுக்குத் தானாக வராமல் என்ன செய்யும்? பாதி மொழி கையில் இருக்கிறதே. தெலுங்கு தெரிந்தவர் கன்னடப் படம் பார்த்துவிட்டு "ரொம்ப சுலபம்" என்று சொல்வதற்கும் இதற்கும் பெரிய வித்தியாசம் இல்லை.

படம் பார்த்து மொழி வராது என்று நான் சொல்லவில்லை. வரும். அதற்கு ஒரே ஒரு பொருள் வேண்டும்: நடிகர் பேசுகிற அதே சொற்கள், அதே மொழியில், அதே வரிசையில் திரையில் எழுதி வர வேண்டும். காதும் கண்ணும் ஒரே சொல்லைப் பிடித்தால்தான் அது தலைக்குள் உட்காரும். இந்தச் சின்ன விஷயத்தைத் தருவதற்கு இந்த உலகத்தில் ஆள் இல்லை!

முதலில், பல படங்களுக்கு போர்ச்சுகீசிய வசன வரியே இருக்காது. ஆங்கிலம் இருக்கும், பிரெஞ்சு இருக்கும், டேனிஷ்கூட ஒன்றில் பார்த்தேன். படம் எடுத்த மொழியில் மட்டும் இல்லை. அவர்கள் கணக்கு எனக்குப் புரிகிறது: ஊர்க்காரனுக்கு ஊர்மொழியில் எழுதிக் காட்ட வேண்டாம், வெளியாளுக்கு மொழிபெயர்ப்பு போதும். நடுவில் மாட்டிக்கொண்ட என்னைப் போன்ற ஜென்மம் அந்தக் கணக்கிலேயே வரவில்லை.

தப்பித்தவறி இருந்தால், மேலே சொன்ன சாவிக் கதை. வசன வரி என்பது திரையில் இரண்டு வரிக்குள் அடங்க வேண்டும், சில விநாடிக்குள் படித்து முடிக்க வேண்டும். அதனால் சுருக்குகிறார்கள். சுருக்கும்போது முதலில் வெட்டுப்படுவது எது? சின்னச் சின்ன ஒட்டுச்சொற்கள், இழுவைகள், "அதான்", "பாரேன்", "என்னமோ" மாதிரி பேச்சை ஓட்டுகிற சொற்கள். புத்தகத்தில் கிடைக்காமல் படத்தில் மட்டுமே கிடைக்கிற சரக்கு அதுதான். அதை வெட்டிவிட்டு, புத்தகத்தில் இருக்கிற வாக்கியத்தையே கீழே எழுதி வைக்கிறார்கள். ஒருவன் தோளைக் குலுக்கிக்கொண்டு "ஸெய் லா" என்கிறான். கீழே "நாவ்ங் ஸெய்" என்று வருகிறது. இரண்டும் "தெரியாது"தான். ஆனால் முதலாவது "யாருக்குத் தெரியும் போ" என்கிற அலட்சியம். சொல்லுக்குச் சொல் பார்த்தால் அதில் "இல்லை" என்ற சொல்லே கிடையாது. "தெரியும்", "அங்கே" என்று இரண்டு சொல்தான். அது எப்படி "தெரியாது" ஆனது என்று கண்டுபிடிக்க எனக்கு ஒரு ஞாயிற்றுக்கிழமை போனது.

சரி, எழுத்து ஒத்துழைக்கவில்லை, காதை நம்பலாம் என்றால், போர்ச்சுகல்காரர்கள் உயிரெழுத்தை முழுங்குகிறார்கள். இது வசவு இல்லை, அந்த மொழியின் ஒலியமைப்பே அப்படி. அழுத்தம் விழாத உயிரெழுத்து தேய்ந்து காணாமல் போய்விடும். எழுத்தில் தெலெஃபோனெ, காதில் த்ல்ஃபோன். எழுத்தில் தெஷ்குல்பெ, காதில் த்ஷ்கூல்ப். அது மன்னிப்புக் கேட்கிற சொல். கேட்டால் தும்மல் மாதிரி இருக்கிறது. வேகத்தைக் குறைத்து வைத்துப் பாருங்கள் என்று இதற்கும் ஒரு யோசனை வந்தது. வைத்தேன். மெதுவாக முழுங்குகிறார்கள்.

1554-லேயே லிஸ்பனில் தமிழை ரோமன் எழுத்தில் அச்சடித்துப் புத்தகம் போட்ட ஊர் அது. எங்கோ இருக்கிற நம் மொழியை ஒலி ஒலியாக அச்சில் காட்டிய ஊர். இன்று தங்கள் படத்தில் தங்கள் ஆள் பேசுவதை எழுதிக் காட்ட முடியவில்லையாம்.

வெறுத்துப்போய் பிரேசில் பக்கம் தாவினேன். 20 கோடிக்கு மேல் பேசுகிற ஊர், வாயைத் திறந்து பேசுகிறார்கள், ஷாவெ அங்கே அழகாக "ஷாவி" என்றே ஒலிக்கிறது. அதைக் கேட்டதும் கண் கலங்கிவிட்டது என்று சொன்னால் மிகை இல்லை. ஆனால் அங்கே வேறு தொல்லை. 'தி' எல்லாம் பெரும்பாலும் 'ச்சி' ஆகிறது, லகரம் சொல்லின் கடைசியில் வந்தால் 'உ' ஆகிறது. கால்பந்து அங்கே "ஃபுச்சிபோவ்". "வொஸே எஸ்தா பெய்ங்?" என்று எழுத்தில் இருப்பதை "ஸே தா பெய்ங்?" என்று கேட்கிறார்கள். நலமா என்று கேட்கவே பாதிச் சொல்லை மிச்சம் பிடிக்கிறார்கள். வசன வரியிலோ முழுச் சொல், சுத்தமாக, இஸ்திரி போட்டு.

இரண்டு ஊரையும் மாறி மாறிப் பார்த்தால் தலையில் கூழ்தான். ரயிலுக்கு இங்கே ஒரு சொல், அங்கே ஒரு சொல். கைபேசிக்கும் அப்படியே. ஒரு போர்ச்சுகல் படத்தில் ஒரு பையன், "ப்ரொபினா கட்டப் பணம் இல்லை, கல்லூரியை விடப் போகிறேன்" என்று அழுதான். பிரேசில் படங்களில் நான் கற்ற ப்ரொபினா, லஞ்சம். கல்லூரியில் யாரோ லஞ்சம் கேட்கிறார்கள், ஊழல் படம் போலிருக்கிறது என்று அரை மணி நேரம் வில்லனைத் தேடிக்கொண்டிருந்தேன். போர்ச்சுகலில் ப்ரொபினா என்றால் கல்விக் கட்டணம். வில்லன் வரவே இல்லை. அவர்களுக்குள்ளேயே தடுமாற்றம்தான், போர்ச்சுகல் தொடருக்கு பிரேசிலில் டப்பிங் போட்டு ஒளிபரப்பிய கதைகூட உண்டு. தாய்மொழிக்காரர்களே கைவிட்ட இடத்தில் என்னை உட்கார வைத்து "தானா வரும்" என்கிறார்கள்.

அப்புறம் டப்பிங். "தெரிந்த ஆங்கிலப் படத்தை போர்ச்சுகீசிய டப்பிங்கில் பாருங்கள், வரியையும் போட்டுக்கொள்ளுங்கள்." அறிவுரைகளிலேயே நான் அதிகம் நம்பியது இது, அதிகம் சபித்ததும் இதுதான். டப்பிங் எழுதுபவர் வேறு, வசன வரி எழுதுபவர் வேறு. முதல் ஆள் உதட்டசைவுக்குப் பொருந்துகிற சொல்லைத் தேடுகிறார், இரண்டாம் ஆள் இடத்துக்குள் அடங்குகிற சொல்லை. ஒருவர் செய்ததை மற்றவர் பார்த்த மாதிரியே தெரியவில்லை. காதில் ஒரு மொழிபெயர்ப்பு, கண்ணில் இன்னொரு மொழிபெயர்ப்பு, மூலம் ஆங்கிலத்தில். இதில் எதைப் பிடித்துக்கொண்டு கரையேற?

பரிந்துரைப் பட்டியல்களைப் பற்றித் தனியாகவே குமுற வேண்டும். எல்லாப் பட்டியலிலும் முதலில் நிற்பது 2002-ல் வந்த 'சிட்டி ஆஃப் காட்'. அற்புதமான படம், மறுக்கவில்லை. ஆனால் அதில் நடித்த பெரும்பாலோர் ரியோவின் குடிசைப் பகுதிப் பையன்கள், வசனத்தில் நிறைய அவர்களே தங்கள் பேச்சில் பேசியது. "ஒன்று, இரண்டு, மூன்று" படிக்கிறவனை அதில் கொண்டுபோய்த் தள்ளுவது என்ன நியாயம்? இன்னொரு புண்ணியவான் 'விட்டலினா வரேலா' பார் என்றார். 2019, பெத்ரு கோஸ்தாவின் படம், லொகார்னோ விழாவில் முதல் பரிசு. இரண்டு மணி நேரம் உட்கார்ந்து, சொற்களைக் குறிப்பேட்டில் எழுதி, எதுவுமே அகராதியில் கிடைக்கவில்லையே என்று நொந்துபோனேன். அந்தப் பெண் பேசுவது கேப் வெர்டி கிரியோல், அந்த ஆப்பிரிக்கத் தீவுநாட்டின் கலப்பு மொழி! பரிந்துரைத்தவர் அதைப் பார்த்தாரா என்பதே சந்தேகம். மூன்றாவதாக, மிகெல் கோமிஷின் 'தபு' (2012). அதன் இரண்டாம் பாதியில் நடிகர்கள் வாயசைக்கிறார்கள், வசனம் கேட்காது, வேண்டுமென்றே. என் கருவிதான் கெட்டுவிட்டது என்று இரண்டு முறை அணைத்துப் போட்டேன். (பின்னணியில் கதை சொல்கிற கிழவரின் குரல் நிதானமாக வருகிறது, அதை மட்டும் தனியாகக் கேட்டது பயன்பட்டது, அதையும் சொல்லிவிடுகிறேன்.)

உருப்படியாக உதவிய படம் என்றால் 'சென்ட்ரல் ஸ்டேஷன்', 1998. ரியோ ரயில் நிலையத்தில் எழுதத் தெரியாதவர்களுக்குக் கடிதம் எழுதிக் கொடுக்கும் ஒரு முன்னாள் ஆசிரியை. ஆரம்பத்தில் ஒவ்வொருவராகக் கேமராவைப் பார்த்துத் தங்கள் கடிதத்தைச் சொல்கிறார்கள். எழுதிக்கொள்வதற்காகப் பேசுகிற பேச்சு! நானும் அவர்கள் முன்னால் குறிப்பேட்டோடு உட்கார்ந்து எழுதினேன். எட்டு மாதத்தில் எனக்குக் கிடைத்த நல்ல வகுப்பு அந்தச் சில நிமிடங்கள்தான்.

இன்னொன்று, காது கேளாதவர்களுக்கென்று தனியாக எழுதப்படும் வசன வரி. கதவு சாத்துவது, நாய் குரைப்பது எல்லாம் அதில் வரும். பெரும்பாலும் பேசியதைச் சிதைக்காமல் எழுதுவதும் அதுதான். அது இருக்கிற படமாகத் தேடித்தேடிப் பார்க்கிறேன். இந்த மொழியில் எனக்கும் காது கேட்காதே. கிடைப்பது பத்தில் ஒன்று.

அது இல்லாத படத்தில் காதுதான் கதி. பாட்டி "அவோ", தாத்தா "அவோ". தமிழில் எழுதினால் இரண்டும் ஒன்றுதான். வாயை அகலத் திறந்தால் பாட்டி, குவித்தால் தாத்தா. நமக்குக் குறில் நெடில் என்றால் தூக்கத்தில்கூடத் தெரியும். இது இரண்டிலும் சேராத சமாசாரம். ஒரு படத்தில் சாவு விழுந்து, அடக்கம் முடிந்து, சொத்துத் தகராறும் தொடங்கிவிட்டது. செத்தது யார் என்று எனக்குத் தெரியவில்லை. கீழே ஓடிய ஆங்கில வரியில் பாட்டியா தாத்தாவா என்று சொல்லாமலே விட்டுவிட்டார்கள், சுருக்கமாம்.

இன்று ராத்திரி அந்தச் சமையலறைப் படத்தின் மீதியைப் பார்க்க வேண்டும். மகன் அம்மாவுக்கு ஏதோ பதில் சொன்னான், நீளமாக, திரும்பி நின்றுகொண்டு, வாயில் ரொட்டியோடு. கீழே வந்தது "சரி" என்று ஒரே சொல்.