வெதர் ஆப் மட்டும் பார்த்தா பத்தாதுங்க

நியூயார்க்ல நாளைக்கு அதிகபட்சம் எத்தனை டிகிரின்னு கால்ஷில (நடக்கப்போற விஷயங்கள் மேல பணம் கட்டுற அமெரிக்க சந்தை) பெட் கட்டுறதுக்கு போன்ல வெதர் ஆப் பார்த்தாலே போதும்னு கட்டுரைல எழுதியிருக்கீங்க, அது அவ்ளோ ஈஸி இல்லங்க. ஆப் ஊருக்கே பொதுவா ஒரு நம்பர் சொல்லும், ஆனா காசு செட்டில் ஆகறது சென்ட்ரல் பார்க்ல இருக்கற ஒரே ஸ்டேஷனோட ரீடிங்க வச்சு, அதுவும் அமெரிக்க வானிலைத் துறையோட தினசரி ரிப்போர்ட்ல வர்ற நம்பர் தான். ஊட்டிக்காரங்களுக்கு இது சட்டுனு புரியும், ஜூலைல அவலாஞ்சில மழை கொட்டோ கொட்டுன்னு கொட்டும், அதே நேரம் கோத்தகிரில துணி காயப்போடலாம், ரெண்டும் நீலகிரி தான்.

இன்னொன்னு, கோடைல நியூயார்க்ல கடிகாரத்தை ஒரு மணி நேரம் முன்னாடி தள்ளி வச்சிருவாங்க, ஆனா வானிலைத் துறை ஸ்டாண்டர்ட் டைம்லயே கணக்கு பண்றதால அவங்க நாள் ராத்திரி 1 மணிக்கு தான் ஆரம்பிச்சு மறுநாள் ராத்திரி 1 மணிக்கு முடியும். அப்புறம் உச்சம் எப்பவும் மத்தியானம் தான் வரும்னு இல்ல, குளிர்காலத்துல திடீர்னு குளிர்காத்து உள்ள வந்தா நள்ளிரவு தாண்டினதுமே அன்னிக்கு உச்சம் பதிவாகி பகல் பூரா இறங்கிட்டே போகும். அந்த ஸ்டேஷனோட ரீடிங் லைவ்ல தெரியறதையும் அப்படியே நம்பாதீங்க, செல்சியஸ்ல ரவுண்ட் பண்ணி திரும்ப பாரன்ஹீட்டுக்கு மாத்துறதுல ஒரு டிகிரி முன்னப்பின்ன ஆகும், பெட் கட்டுற கட்டங்கள்ல ரெண்டு ஓரத்தைத் தவிர ஒவ்வொண்ணும் ரெண்டு டிகிரி தான்கறப்ப அந்த ஒண்ணு போதும் காசு போக. இந்த செட்டில்மென்ட் ரூலை கட்டுரைல ஒரு வரியாவது போட்டிருக்கலாம்.