மரினோவுக்கு மோதிரம் இல்லை. சரி, அதனால?

டான் மரினோ அமெரிக்கக் கால்பந்தின் (NFL) பழைய குவார்ட்டர்பேக், அதாவது பந்தை எறிந்து ஆட்டத்தை நடத்துகிற ஆள். அவர் பேரை எடுத்த உடனே யாராவது ஒருத்தர் கேட்டுவிடுவார்: "மோதிரம் எத்தனை?" சாம்பியனை முடிவுசெய்யும் சூப்பர் பவுலில் ஜெயித்தவர்களுக்குக் கிடைக்கும் மோதிரம் அது. மரினோவுக்குப் பூஜ்யம். 17 வருஷம் மயாமி டால்ஃபின்ஸுக்கு ஆடி, ஒரே ஒரு சூப்பர் பவுல் போய், அதிலும் தோற்றவர். அதோடு பேச்சு முடிந்தது என்று நினைக்கிறார்கள். எனக்கு இந்தக் கணக்கு சுத்தமாகப் பிடிக்கவில்லை.

முதலில் அந்தத் தோல்வியையே எடுத்துக்கொள்வோம். 1985 ஜனவரி, ஸ்டான்ஃபோர்டு மைதானம், எதிரே ஜோ மொன்டானா குவார்ட்டர்பேக்காக ஆடிய சான் ஃபிரான்சிஸ்கோ 49ர்ஸ். ஸ்கோர் 38-16. மரினோ 50 பாஸ் எறிந்தார், 318 யார்டு, இரண்டு இன்டர்செப்ஷன் (எதிரணி பிடித்துவிட்ட பாஸ்). சுமாரான ஆட்டம்தான், மறுக்கவில்லை. ஆனால் அன்றைக்கு மயாமி பந்தைக் கையில் வைத்துக்கொண்டு ஓடியது மொத்தமே 9 முறை, 25 யார்டு. 49ர்ஸ் ஓடியது 211 யார்டு. இவன் எறிவதைத் தவிர வேறு எதுவும் செய்ய மாட்டான் என்று எதிரணிக்குத் தெரிந்துவிட்டால் எந்தக் குவார்ட்டர்பேக்கும் திணறத்தான் செய்வார். இது அந்த ஒரு நாள் கதையும் இல்லை. மரினோவின் 17 சீசனில் மயாமியில் ஒரு ஆள் ஒரு சீசனில் 1,000 யார்டு ஓடியது ஒரே தடவை, 1996-ல்.

இப்போது டென்வர் அணியின் குவார்ட்டர்பேக் ஜான் எல்வேயைப் பாருங்கள். 1983 டிராஃப்டில் (அணிகள் புது வீரர்களை வரிசையாகத் தேர்ந்தெடுப்பது) அவர்தான் முதல் ஆள். அதே டிராஃப்டில் ஐந்து குவார்ட்டர்பேக்குகளை எடுத்து முடித்த பிறகுதான் 27-வது இடத்தில் மரினோவை எடுத்தார்கள். எல்வே முதல் மூன்று சூப்பர் பவுலிலும் தோற்றார், மூன்றுமே படுதோல்வி. முதல் மோதிரம் 1998 ஜனவரியில் வந்தது. அந்த ஆட்டத்தில் அவர் 22-க்கு 12 பாஸ், 123 யார்டு, ஒரு இன்டர்செப்ஷன், டச்டவுன் (எதிரணியின் எல்லைக்கோட்டைத் தாண்டிப் புள்ளி எடுப்பது) பாஸ் ஒன்றுகூட இல்லை. அதே அணியில் பந்தோடு ஓடுகிற டெரல் டேவிஸ் 157 யார்டு ஓடி மூன்று டச்டவுன் போட்டார். மூன்று தடவை தோற்ற எல்வேயைவிட, 123 யார்டு எறிந்த எல்வே பெரிய ஆளாகிவிட்டார். இது என்ன நியாயம்னு யாராவது சொல்லுங்கப்பா.

என்னைக் கேட்டால் குவார்ட்டர்பேக்கை எடைபோட வேண்டியது ஸ்னாப்புக்குப் (பந்து அவர் கைக்கு வருவது) பிறகு வரும் அந்த இரண்டு இரண்டரை வினாடியில். மரினோவுக்கு முழங்கால் சரியில்லை, ஓட்டம் கிடையாது. பழைய வீடியோக்களைப் பாருங்கள். பந்தைக் காதோரம் தூக்கி வைத்திருப்பார். நாலு பக்கமும் ஆட்கள் மேலே விழ வரும்போது ஓட மாட்டார், அரை அடி நகர்வார், அவ்வளவுதான். கையைப் பின்னால் இழுத்து வீசுகிற வேலையே இல்லை. மணிக்கட்டு ஒரு சுண்டு, பந்து போய்விட்டது. 1988-ல் 606 பாஸ் எறிந்திருக்கிறார். அந்த சீசன் முழுக்க அவரை சாக் செய்ய (எறியும் முன் கீழே தள்ள) முடிந்தது 6 தடவை! ஓடவே தெரியாத மனிதரை.

1984 சீசனைப் பற்றித் தனியாகவே எழுதலாம். 5,084 யார்டு, 48 டச்டவுன் பாஸ். அதுவரை ஒரு சீசனில் யாரும் 36-ஐத் தாண்டியதில்லை. அடுத்த ஆள் 5,000 யார்டைத் தொட 2008 ஆனது. மார்க் கிளேட்டனும் மார்க் டூப்பரும் எறிந்த பந்தைப் பிடிக்கிற அருமையான ரிசீவர்கள்தான், ஒத்துக்கொள்கிறேன். ஆனால் அந்தக் காலத்தில் ரிசீவரை வழியெல்லாம் இடித்துத் தள்ளினால்கூட நடுவர்கள் பாதி நேரம் கண்டுகொள்ள மாட்டார்கள். 2004-க்குப் பிறகுதான் அதில் கெடுபிடி வந்தது. இன்றைய எண்களோடு ஒப்பிடுகிறவர்கள் இதை மறந்துவிடுகிறார்கள்.

அடுத்த சீசனில், அதுவரை ஒரு ஆட்டம்கூடத் தோற்காத சிகாகோ பேர்ஸை 38-24 என்று மயாமி தோற்கடித்தது. அந்த வருஷம் சாம்பியனான பேர்ஸ் தோற்ற ஒரே ஆட்டம் அது.

எனக்குப் பிடித்தது 1994 நவம்பர், நியூயார்க் ஜெட்ஸோடு ஆடிய ஆட்டம். 24-6 என்று பின்தங்கியிருந்து கிட்டே வந்தாச்சு, கடைசி அரை நிமிடம்கூட இல்லை. மரினோ "கிளாக், கிளாக்" என்று கத்தி, பந்தைத் தரையில் அடித்துக் கடிகாரத்தை நிறுத்தப் போவதுபோல் கையைக் காட்டுகிறார். ஜெட்ஸ் ஆட்கள் தளர்ந்து நிற்கிறார்கள். பந்து வந்ததும் நிதானமாக மார்க் இங்ரமுக்கு எறிகிறார். டச்டவுன், 28-24. ஜெட்ஸ் அந்த சீசனில் அப்புறம் ஒரு ஆட்டம்கூட ஜெயிக்கவில்லை, கோச் பீட் கேரலுக்கு வேலையும் போனது. (பாவம், பின்னாளில் சியாட்டிலில் அவர் மோதிரம் வாங்கிவிட்டார்.)

மரினோவிடம் குறையே இல்லையா? இருக்கிறது. நாக்-அவுட் சுற்றான பிளேஆஃபில் 8 வெற்றி, 10 தோல்வி. 1986 ஜனவரியில் சொந்த மைதானத்தில் பேட்ரியட்ஸிடம் 31-14 என்று தோற்றதற்கு என்னிடம் பதில் கிடையாது. அன்று ஜெயித்திருந்தால் மறுபடியும் சூப்பர் பவுல். அதனால்தான் குவார்ட்டர்பேக்குகளில் பிரேடி, மொன்டானா இருவரையும் அவருக்கு மேலே வைக்கிறேன். பேட்டன் மேனிங்கை அவர் பக்கத்தில் வைப்பேன். எல்வே அடுத்த வரிசை. டென்வர் ரசிகர்கள் தாராளமாகத் திட்டலாம்.