வாய்க்காலுக்குள் போனது டிஸ்க் பிறேக் இல்லை

இணையத்தில் சுற்றுகிற அந்தப் படத்தை இதற்குள் எல்லாரும் பார்த்திருப்பீர்கள். என்னுடைய பச்சை லாண்ட் றோவர் வாய்க்காலுக்குள் மூக்கைக் குத்திக்கொண்டு, பின்சக்கரம் ஒன்று வானத்தைப் பார்த்தபடி நிற்கிற படம். "பின்னுக்கு டிஸ்க் போட்டவரின் முன்னேற்றம்" என்று தலைப்பு வேறு. பின்சக்கரங்களில் இருந்த பழைய டிறம் பிறேக்கைக் கழற்றிவிட்டு டிஸ்க் பிறேக் போட்டேன், அதற்குத்தான் இந்த நக்கல். சிரித்தவர்கள் சிரித்துவிட்டீர்கள். முதல் நாள் நானும் சிரித்தேன். மூன்றாம் நாள் மீன் வாங்கப் போன இடத்தில் ஒருவர் "என்ன அண்ணை, பிறேக் பிடிக்குதோ?" என்று கேட்டபோதுதான், சரி, இருந்து எழுதுவோம் என்று நினைத்தேன்.

முதலில் ஒன்று. பிறகும் இதையேதான் சொல்லப்போகிறேன், சலித்தால் தாண்டிப் போங்கள். தண்ணிக்குள் இறங்கி ஏறுகிற வாகனத்துக்குப் பின்னுக்கும் டிஸ்க்தான் சரி. மாரியில் வன்னிக்குள் ஓடுகிற எந்த வாகனம் தண்ணிக்குள் இறங்காமல் ஓடுகிறது என்று நீங்களே சொல்லுங்கள்.

டிறம் என்பது மூடின சட்டி மாதிரி. உள்ளே இரண்டு பிறேக் சூ, அவற்றை வெளியே தள்ள ஒரு வீல் சிலிண்டர். குளம் வான் பாய்ந்து றோட்டைக் குறுக்கறுத்து ஓடுகிற நேரம் இறங்கினால் தண்ணி உள்ளே போகும். போனது லேசில் வெளியே வராது, சூவில் ஒட்டியிருக்கிற உராய்வுப் பட்டையான லைனருக்கும் டிறம்முக்கும் நடுவில் நிற்கும். கரையேறி வந்து மிதித்தால் பெடல் கல்லுப்போல் நிற்கும், பின்சக்கரம் மட்டும் தன்பாட்டில் உருளும். நாலைந்து தரம் மிதித்துச் சூடேற்றிக் காயவைத்த பிறகுதான் பிடிக்கும், அதுவும் ஒரு பக்கம் முந்திப் பிடித்தால் வாகனத்தை இழுத்துக்கொண்டு போகும். தண்ணியோடு போன சேறு உள்ளேயே இருந்து லைனரை அரம்போல் அராவும். டிஸ்க் வெளியில் கிடக்கிற தட்டு. சுற்றுகிற சுற்றில் தண்ணி பறந்துவிடும், மிச்சத்தை, தட்டை இரு பக்கமும் அழுத்திப் பிடிக்கிற பாட் வழித்துவிடும். இவ்வளவுதான் விசயம், இதில் ராக்கெட் எங்கே இருக்கிறது?

"வன்னி தட்டை நிலம், டிஸ்க் எதற்கு?" என்று ஒருவர் எழுதியிருந்தார். கண்டி, நுவரெலியா இறக்கத்தில் டிறம் சூடேறிப் பிடிக்காமல் போகுமாம், இங்கே அந்தப் பிரச்சினையே இல்லையாம். ஐயா, சூட்டைப் பற்றி நான் எப்போது கதைத்தேன்? நான் கதைப்பது தண்ணியை.

2018 மார்கழி வெள்ளம் நினைவிருக்கிறதா? இரணைமடுக் குளத்தின் வான்கதவுகளைத் திறந்து, கண்டாவளைப் பக்கமெல்லாம் தண்ணி ஏறின நேரம். இதே ஜீப்பில் சனத்தை ஏற்றிப் பள்ளிக்கூடத்துக்குக் கொண்டுபோனோம். அப்போது முன்னுக்கு டிஸ்க், பின்னுக்குப் பழைய டிறம். பின்னுக்கு ஒன்பதோ பத்தோ பேர், இரண்டு மூட்டை, ஒரு ஆடு. தண்ணியால் ஏறி ஒரு வளைவில் மிதிக்கிறேன், முன் பிடிக்கிறது, பாரமெல்லாம் பின்னுக்கு இருந்து தள்ளுகிறது. எதிரில் சைக்கிளில் ஒரு சின்னப் பெடியன், பொலித்தீன் பையைத் தலையில் கவிழ்த்துக்கொண்டு. அந்த நேரம் பார்த்துப் பின்பக்கம் ஒரு சூ மட்டும் திடீரென்று பிடித்தது. ஜீப் குறுக்கே திரும்பி நின்றது. பெடியனுக்கும் பம்பருக்கும் நடுவில் ஒரு முழம் இருந்திருக்கும். அவன் ஒன்றும் சொல்லாமல் சைக்கிளை உருட்டிக்கொண்டு போய்விட்டான். எனக்குக் கால் நடுங்கி, பத்து நிமிடம் இறங்க முடியவில்லை. தண்ணியால் ஏறினவுடன் மெதுவாக ஓடி பிறேக்கைக் காயவைத்திருக்க வேண்டும், பிழை என்னுடையதுதான். ஆனால் பின்னுக்குக் கிழவிகள் நடுங்கிக்கொண்டு இருக்கும்போது அதெல்லாம் யாருக்கு நினைவு வரும்?

அன்றைக்கு முடிவெடுத்தது. காசு சேர இவ்வளவு காலம் எடுத்தது.

அடுத்தது, "டிஸ்க்தான் சரியென்றால், பின்னுக்கு டிறம் போட்ட கம்பனிக்காரன் முட்டாளோ?" என்ற கேள்வி. ஆக அதிகம் லைக் விழுந்தது இதற்குத்தான். கம்பனிக்காரன் முட்டாள் இல்லை. அதே கம்பனி 1970 இல் றேஞ் றோவரை வெளியில் விட்டபோதே நாலு சக்கரத்துக்கும் டிஸ்க் போட்டது. 1983 இல் என்னுடைய மொடலான லாண்ட் றோவர் 110 வந்தபோது முன்னுக்கு டிஸ்க், பின்னுக்கு டிறம். தொண்ணூறுகளில் அதே 110 இற்கும் பின்னுக்கு டிஸ்க் வந்துவிட்டது. அவன் பிறகு செய்ததைத்தான் நான் என்னுடைய 87 ஆம் ஆண்டு ஜீப்புக்குச் செய்தேன். இதற்குமேல் என்ன சான்றிதழ் கொண்டுவர வேண்டும்? 2018 இல் வந்த புது சுசுக்கி ஜிம்னி ஜீப்புக்கும் பின்னுக்கு டிறம்தானே என்பீர்கள். இருக்கட்டும். அது சின்ன வாகனம், அதில் பத்துப் பேரையும் ஆட்டையும் யாரும் ஏற்றுவதில்லை.

பின் டிறம்மைக் கழற்றினால் அதோடு ஹாண்ட் பிறேக்கும் போய்விடுமே என்று கேட்டவர்களுக்கு ஒரு வரி போதும்: லாண்ட் றோவரின் ஹாண்ட் பிறேக் பின்சக்கரத்தில் இல்லை, கியர்பெட்டிக்குப் பின்னால் தனி டிறம்மில் இருக்கிறது. கேட்பதற்கு முன் ஒருதரம் கீழே குனிந்து பார்த்திருக்கலாம். வேறு ஜீப் வைத்திருப்பவர்களுக்கு அது பெரிய தலையிடிதான், அவர்கள் யோசித்துச் செய்யட்டும்.

சேற்றிலும் மணலிலும் பாட் கெதியாகத் தேயும் என்பதும் உண்மை. தேயட்டும், கழற்றி மாற்ற அரை மணித்தியாலம்.

இனி, பின்சக்கரம் பூட்டிக்கொள்ளும் என்ற கதை. இதை மட்டும்தான் விசயம் தெரிந்தவர்கள் கேட்டார்கள், ஆகையால் மறைக்காமல் சொல்கிறேன். பிறேக் பிடிக்கும்போது பாரம் முன்னுக்குப் போகும், வெறும் ஜீப்பில் பின்பக்கம் இலேசாகிவிடும், அங்கே பிறேக் கூடினால் சக்கரம் நின்று, வால் தன்னிச்சைக்குப் போகும். உண்மை. முதற்கிழமை எங்களுக்கும் அதுதான் நடந்தது. பெடலும் கீழே போனது, ஏனென்றால் பாட்டைத் தட்டில் அழுத்துகிற கலிப்பருக்கு, டிறம்மைவிட அதிகம் பிறேக் ஒயில் தேவை. வேலை செய்த கராச்சுப் பெடியன், பெடலில் இருந்து ஒயிலைத் தள்ளுகிற மாஸ்டர் சிலிண்டரை மாற்றினான், பின்னுக்குப் போகிற அழுத்தத்தைக் குறைக்கிற வால்வைத் தேடிப் பிடித்துப் பூட்டினான். அதற்குப் பிறகு நல்ல றோட்டில் ஒரு தரமும் சக்கரம் பூட்டிக்கொள்ளவில்லை.

அப்படியென்றால் வாய்க்காலுக்குள் எப்படிப் போனது? ஐப்பசி முதல் மழை, கிறவலுக்கு மேல் களி படர்ந்த றோட்டு, குறுக்கே ஒரு கன்றுக்குட்டி. மிதித்தேன். பிறேக் பிடித்தது, சக்கரம் நின்றது, ஜீப் வழுக்கிக்கொண்டு போனது. பின் டயர் இரண்டும் மொட்டை. இதை ஒருவரும் எழுதவில்லை, நானாகச் சொல்கிறேன். வால்வை இன்னும் கொஞ்சம் இறுக்கியிருக்கலாம் என்று பெடியன் சொல்கிறான். சரி, அதையும் எழுதிக்கொள்ளுங்கள். ஆனால் கன்றுக்குட்டி உயிரோடு இருக்கிறது.

காசைப் பற்றியும் கதைத்தீர்கள். "அந்தக் காசுக்கு வேறு வாகனம் எடுத்திருக்கலாமே." எங்கே எடுப்பது? 2020 பங்குனியில் இறக்குமதியை நிறுத்தினார்கள், 2025 இல்தான் திறந்தார்கள், திறந்த பிறகு விலை கேட்டீர்களா? பழசைத் திருத்தி ஓடுவது எங்களுக்கு விளையாட்டு இல்லை. யுத்தகாலப் பொருளாதாரத் தடை இருந்த காலத்தில் அப்பா ஹயர் ஓடிய பழைய காரை மண்ணெண்ணெயில் ஓட்டினார், ஸ்டார்ட் பண்ண மட்டும் ஒரு மூடி பெற்றோல். பிறேக் சாமானும் வராது. ஒரு வீல் சிலிண்டர் லீக் அடித்தபோது அந்தக் குழாயை நசுக்கி அடைத்துவிட்டு, மிச்ச மூன்று சக்கரப் பிறேக்கில் பிள்ளைத்தாச்சிகளை ஆசுப்பத்திரிக்கு ஏற்றிப் போனார். அப்போது யாரும் அவரைப் படம் எடுத்துத் தலைப்புப் போடவில்லை.

அந்தத் தலைப்பைப் போட்டவர் வேறு யாருமில்லை, என்னோடு ஒரே வாங்கில் இருந்து படித்தவர். போன ஆடி மாதம் வெளிநாட்டில் இருந்து ஊருக்கு வந்து, இதே ஜீப்பில் முத்தையன்கட்டுக்கும் வற்றாப்பளைக்கும் போனவர். "மச்சான், சூப்பராய் நிக்குதடா" என்று சொன்னது பாட் தேய்வதற்குள் மறந்துவிட்டது போலும். என்னை நக்கலடித்தால் பரவாயில்லை, எனக்குத் தோல் தடிப்பு. கீழே கொமென்டில் கராச்சின் பெயரையும் போட்டு "இவனிட்ட விட்டால் இப்படித்தான்" என்று எழுதினாரே, அதுதான் நெஞ்சில் நிற்கிறது. அந்தப் பெடியனுக்கு இருபத்தாறு வயது. உடைத்து விற்ற ஒரு பிந்திய மொடலின் பின் அச்சில் இருந்து சாமான் கழற்றி, பொருந்தாத இடத்துக்கு லேத்தில் தகடு கடைந்து, இரவு பதினொன்று வரை நின்று வேலை செய்தவன். அங்கே குளிருக்குள் இருந்துகொண்டு ஒரு விரலால் எழுதின ஒரு வரிக்குப் பிறகு, இந்தக் கிழமை வருவதாகச் சொன்ன இரண்டு பேர் ஜீப்பைக் கொண்டுவரவில்லை. வன்னிப் பெடியன் கைவேலை செய்தால் அது உங்களுக்கு எப்போதும் பகிடிதானா? இதையே வெளிநாட்டுக் கராச்சில் ஒரு வெள்ளைக்காரன் செய்து வீடியோ போட்டிருந்தால் "வாவ்" என்று எழுதியிருப்பீர்கள்.

நேற்று அவன் கேட்டான், "அண்ணை, திரும்ப டிறம்மையே மாட்டி விடட்டோ? எனக்குக் கூலி வேண்டாம்." விசர்க்கதை கதையாதை என்று ஏசிவிட்டு வந்தேன். வந்து நெடுநேரம் முற்றத்திலேயே இருந்தேன்.

டயர் மாற்ற இந்த மாதம் காசு இல்லை. கார்த்திகை பிறப்பதற்குள் எப்படியும் மாற்றுவேன். மாற்றினால் போட்டோ போடமாட்டேன்.