“கோரெக்” என்றால் புரிந்துவிட்டது என்று அர்த்தமில்லை

மொரிஷியஸில் ஒரு நோட்டீஸ் எப்படிப் பயணம் போகிறது என்று பாருங்கள். ஹெச்ஆர் அதை ஆங்கிலத்தில் அச்சடிக்கிறது. மேனேஜர்கள் அதைப் பற்றிப் பிரெஞ்சில் பேசிக்கொள்கிறார்கள். லைனுக்கு வரும்போது சூப்பர்வைசர் இங்கத்துப் பேச்சுமொழியான கிரியோலில் ஒரே வாக்கியமாகச் சுருக்கிவிடுகிறார். இந்தத் தீவிலேயே இருக்கும் கோரமண்டல் என்ற ஊர்ப் பக்கத்து ஃபேக்டரியில் கான்ட்ராக்டில் வந்து நிற்கும் தமிழ்நாட்டுப் பையன், அந்த வாக்கியத்தில் பாதியைப் பக்கத்து மெஷின் அண்ணனிடம் தமிழில் கேட்டுக்கொள்கிறான். கடைசியில் “புரிஞ்சுதா?” என்று ஒரு கேள்வி. எல்லோரும் தலையாட்டி “கோரெக்”, அதாவது கிரியோலில் “சரி”, என்கிறார்கள்.

அந்தக் கோரெக்கை நம்புவதுதான் இங்கே பாதி வம்புக்குக் காரணம் என்பது என் கட்சி. செய்தி அனுப்பியாச்சு என்று கணக்கு எழுதுகிறோம். போய்ச் சேர்ந்ததா என்று யாரும் பார்ப்பதில்லை.

டிசம்பர் போனஸையே எடுத்துக்கொள்ளுங்கள். சட்டப்படி வருஷச் சம்பாத்தியத்தில் பன்னிரண்டில் ஒரு பங்கு. அதில் 75 சதவீதத்தை டிசம்பர் 25க்கு ஐந்து வேலைநாள் முன்னதாகவும், மீதியை அந்த வருஷத்தின் கடைசி வேலைநாளுக்குள்ளும் கொடுக்க வேண்டும். இதைச் சட்டத்தில் இருக்கிற வார்த்தையிலேயே ஆங்கிலத்தில் ஒட்டிவிட்டு நிர்வாகம் நிம்மதியாக இருக்கும். பணம் அக்கவுண்டில் விழுந்த அன்று மதியச் சாப்பாட்டுக்குள் “கம்பெனி போனஸில் கால்வாசி பிடிச்சிட்டான்” என்று ரேடியோ த்ரோத்துவார் (வாய்க்கு வாய் பரவும் வதந்திக்கு இங்கே அதுதான் பெயர்) ஒலிபரப்பு ஆரம்பித்துவிடும். பொய் சொன்னவர் யாருமில்லை. சதவீதம் யாருக்கும் கண்ணில் படவில்லை, குறைந்த தொகை பட்டது, அவ்வளவுதான். நவம்பர் கடைசியிலேயே ஆளுக்கொரு துண்டுச் சீட்டில் “உங்கள் போனஸ் 24,000 ரூபாய். 18,000 முதலில் வரும், 6,000 மாதக் கடைசியில் வரும்” என்று அவரவர் தொகையை அவரவர் மொழியில் போட்டுக் கொடுத்திருந்தால் விஷயம் முடிந்தது. அரை நாள் வேலை.

மொழிபெயர்ப்பு என்றதும் நோட்டீஸை அப்படியே மெஷினில் போட்டு எடுக்கிறார்கள். இங்கே ‘லோக்கல் லீவ்’ என்றால் வருஷத்துக்கு இத்தனை நாள் என்று சம்பளத்தோடு கிடைக்கும் லீவு. அதை ‘உள்ளூர் விடுமுறை’ என்று தமிழில் ஒட்டினால் தமிழ்நாட்டுக்காரருக்கு என்ன தோன்றும்? தேர்த் திருவிழாவுக்குக் கலெக்டர் விடுவாரே, அந்த லீவு. ஊருக்கே லீவு என்று நினைத்து ஆள் வராமல் போனால் குற்றம் யார் மேல்? அதனால் எந்த மொழிபெயர்ப்பையும் லைனில் வேலை செய்யும் ஒருவர் சத்தமாகப் படித்துப் பார்க்காமல் ஒட்டக் கூடாது. ஆபீஸில் உட்காரும் தமிழர் படித்தால் போதாது. அவருக்கு ஆங்கிலம் தெரியும், மனசுக்குள்ளேயே திருத்திக்கொள்வார்.

இடையில் ஒன்று. பல மொழியில் ஒட்டும்போது எது மேலே, எது கீழே என்பதையும் யோசியுங்கள். மொரிஷியஸ் ரூபாய் நோட்டில் தமிழுக்கு மேலே இந்தியைப் போட்டதற்காக 1998ல் அச்சடித்த நோட்டுகளையே திரும்பப் பெற்ற நாடு இது. மொழிக்கு ஒரு தாளாகப் பக்கத்துப் பக்கத்தில் ஒட்டினால் இந்தத் தலைவலி இல்லை.

நோட்டீஸுக்கு ஐந்து வரி தாராளம். என்ன மாறுகிறது, எந்தத் தேதியிலிருந்து, யாருக்கு, நான் என்ன செய்ய வேண்டும், சந்தேகம் வந்தால் யாரைக் கேட்பது. கடைசி வரியில் ‘மனிதவளத் துறை’ என்று போடாதீர்கள்; துறைக்குப் போன் போட முடியாது. ஒரு ஆளின் பெயரும் நம்பரும் வேண்டும். “நிர்வாகம் மகிழ்ச்சியுடன் தெரிவித்துக்கொள்வது” என்பதை அடித்துவிடுங்கள். அதைப் படித்ததுமே ஏதோ பிடிக்கப் போகிறார்கள் என்று வயிறு கலங்கும்.

ஒட்டிய மறுநாள் மூன்று பேரைப் பிடியுங்கள்: புதிதாகச் சேர்ந்தவர், நைட் ஷிஃப்ட் ஆள், சூப்பர்வைசரின் மொழி தெரியாத ஒருவர். “புரிஞ்சுதா?” என்று கேட்க வேண்டாம். “திங்கட்கிழமை பஸ் எத்தனை மணிக்கு, எங்கே ஏறணும்?” என்று கேளுங்கள். மூன்றில் இரண்டு பேர் தப்பாகச் சொன்னால் தப்பு நோட்டீஸில். கிழித்துவிட்டு மறுபடி எழுதுங்கள்.

வாட்ஸ்அப் குரூப்பை இரண்டாகப் பிரிக்காத கம்பெனியில் எந்த ஒழுங்கும் நிற்காது. ஒன்று அட்மின் மட்டும் போடும் அறிவிப்புக் குரூப். இன்னொன்று டீமுக்குள் பேச. ஒரே குரூப்பாக இருந்தால் ஷிஃப்ட் மாற்றம் காலை வணக்கப் படங்களுக்கு அடியில் புதைந்துவிடும். வாய்ஸ் மெசேஜ் எழுதப் படிக்கச் சிரமப்படுபவருக்கு நல்லது, ஆனால் பிறகு தேடி எடுக்க முடியாது. தேதி, நேரம், இடம் இருந்தால் கூடவே ஒரு வரி டைப் செய்துவிடுங்கள். நீல டிக் சம்மதம் ஆகாது. வேலையை விட்டுப் போனவரை அன்றைக்கே குரூப்பிலிருந்து எடுங்கள். ஆறு மாதம் கழித்து யாருக்கோ ஞாபகம் வரும்போது எல்லாம் வெளியே போயிருக்கும்.

புயல் காலத்துக்கு இதெல்லாம் போதாது. இங்கே புயல் எச்சரிக்கை 1ஆம் வகுப்பில் தொடங்கி, ஆபத்து நெருங்க நெருங்க எண் ஏறும். 3ஆம் வகுப்பு எச்சரிக்கை என்பது மணிக்கு 120 கிலோமீட்டர் காற்று வீசுவதற்கு முன் முடிந்தவரை 6 மணி நேரப் பகல் வெளிச்சம் கிடைக்கும்படி கொடுப்பது. முந்நூறு பேர், ஆறு பஸ், தலைநகர் போர்ட் லூயிஸ் டிராஃபிக் என்று கணக்குப் போட்டால் அந்த நேரம் கையிலிருந்து கரைந்துவிடும். யார் பஸ்காரரைக் கூப்பிடுவது, எந்த ரூட் முதலில் கிளம்புவது, மெஷினை யார் நிறுத்துவது, கடைசி ஆள் வெளியேறியதை யார் சொல்வது எல்லாம் 1ஆம் வகுப்பு வந்த அன்றே பெயர் போட்டு ஒட்டப்பட வேண்டும். 2024 ஜனவரி 15ஆம் தேதி பெலால் புயலில் தலைநகரில் கார்கள் மிதந்ததை எல்லோரும் பார்த்தோம். வகுப்பு எண் காற்றுக்கான கணக்கு. வெள்ளம் அதற்காகக் காத்திருக்கவில்லை. எண் ஏறட்டும் என்று காத்திருக்காமல் ஆளை அனுப்ப ஒருவருக்கு அதிகாரம் வேண்டும். அவர் பெயர் எல்லோருக்கும் தெரிந்திருக்க வேண்டும்.

ஷிஃப்ட் மாறும்போது பத்து நிமிடம் இரண்டு டீமும் சேர்ந்து நிற்க வேண்டும் என்று எல்லா ஃபேக்டரியிலும் விதி இருக்கும். அந்தப் பத்து நிமிடத்துக்குச் சம்பளம் இருக்காது. பிறகு எப்படி நிற்பான்? பஸ் போய்விடும். எந்த மெஷின் நூல் அறுக்கிறது, எந்த பண்டல் ரீவொர்க் (திரும்பச் செய்ய வேண்டியது), எது மெட்டீரியலுக்காகக் காத்திருக்கிறது என்பதெல்லாம் அவனோடு பஸ் ஏறிவிடும். காசு கொடுத்தால் நிற்பான்.

ஆலோசனைப் பெட்டியைப் பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. கேமராவுக்குக் கீழே வைத்திருந்தால் எடுத்துவிடுங்கள். சாவி புரொடக்‌ஷன் மேனேஜரிடம் இருந்தால் அதுவும் வீண். பெயர் போடாத சர்வே எடுத்தால் ஐந்து பேருக்குக் குறைந்த பிரிவின் முடிவைத் தனியாகக் காட்டாதீர்கள். நாலு பேரில் எவர் எழுதினார் என்று கண்டுபிடிக்க டிடெக்டிவ் தேவையில்லை.

எனக்கு மிகவும் உறுத்துவது வேறொன்று. தமிழ்த் தொழிலாளர்களுக்கு எல்லாச் செய்தியும் தமிழ் பேசும் ஒரே சூப்பர்வைசர் வழியாகத்தான் போகிறது, வருகிறது. அவரே மொழிபெயர்ப்பாளர், அவரே ஓவர்டைம் போடுபவர், லீவுக்குக் கையெழுத்து போடுபவரும் அவரே. “நம்மூர்ப் பையன்தானே” என்ற உரிமையில் லைன் நடுவில் “டேய்” என்று கத்துபவரும் பல இடங்களில் அவர்தான். தமிழில் திட்டினால் மற்றவர்களுக்குப் புரியாது என்று நினைக்கிறார். வார்த்தை புரியாவிட்டாலும் தொனி வங்காளிக்கும் புரியும், நேபாளிக்கும் புரியும். வேலையிடத்தில் திட்டுவதையும் அவமானப்படுத்துவதையும் 2019ஆம் வருஷத் தொழிலாளர் உரிமைச் சட்டம் வன்முறை என்றே சொல்கிறது. ஆனால் புகார் கொடுக்க வேண்டுமானால் பையனுக்கு இருக்கும் ஒரே வாய் அந்த சூப்பர்வைசருடையது. தன் மேல் வந்த புகாரை எந்த மனிதர் ஒழுங்காக மொழிபெயர்ப்பார்?

மேனேஜர்களுக்கு இது தெரிவதே இல்லை. “தமிழ் லைனில் ஒரு பிரச்சினையும் இல்லை சார்” என்று மாதாமாதம் ரிப்போர்ட் வருகிறது. எழுதுபவர் யார் என்று ஒரு தடவை பாருங்கள்.

புரொடக்‌ஷனுக்குச் சம்பந்தமில்லாத ஒரு தமிழ் தெரிந்த ஆள், அக்கவுண்ட்ஸிலோ ஸ்டோரிலோ இருந்தாலும் சரி, அவருடைய நம்பரை டார்மிட்டரிக் கதவில் ஒட்டுங்கள். தமிழில் வாய்ஸ் மெசேஜ் போடலாம், பெயர் சொல்லத் தேவையில்லை என்று அதிலேயே எழுதுங்கள். மாதத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமை அவர் அங்கே போய் அரை மணி நேரம் உட்காரட்டும், சூப்பர்வைசர் இல்லாமல். அந்த அரை மணிக்கும் அவருக்குச் சம்பளம் போடுங்கள். முதல் இரண்டு மாதம் சாப்பாட்டைப் பற்றி மட்டும்தான் பேசுவார்கள். பருப்பு தண்ணியா இருக்கு, கருவாடு கிடைக்கல என்று. அதைச் சரிசெய்து கொடுத்த பிறகுதான் மற்றது வாயில் வரும்.