உம்டென்டு பள்ளத்தாக்கும் மூன்று மணி நேரமும்

போன வாரம் ஒரு கல்யாண வீட்டில் உறவுக்காரர் ஒருவர் சந்தோஷமாகச் சொன்னார்: "அந்தப் பெரிய பாலம் மட்டும் முடிஞ்சிட்டா, டர்பன்லேருந்து ஈஸ்ட் லண்டனுக்கு மூணு மணி நேரம் மிச்சம்." பந்தியில் எல்லாரும் தலையாட்டினார்கள். எனக்குச் சோறு இறங்கவில்லை. விசேஷ வீட்டில் சண்டை வேண்டாம் என்று அப்போது சும்மா இருந்துவிட்டேன். மனசு கேட்கவில்லை, அதனால் எழுதுகிறேன்.

தென்னாப்பிரிக்காவின் கிழக்குக் கடற்கரையில் போடும் வைல்ட் கோஸ்ட் என்2 நெடுஞ்சாலையைத்தான் சொல்கிறேன். இப்போதுள்ள என்2, போர்ட் ஷெப்ஸ்டோனில் கடலை விட்டு விலகி, கோக்ஸ்டாட், உம்டாட்டா என்று மலைப்பக்கம் சுற்றிக்கொண்டு போகிறது. புதிய சாலை போர்ட் எட்வர்டைத் தாண்டி, உம்டம்வுனா ஆற்றைக் கடந்து, பொண்டோ மக்கள் வாழும் பொண்டோலாந்துக்குள் இறங்குகிறது. உம்டென்டு, உம்சிகாபா என்ற இரண்டு ஆறுகள் அங்கே மணற்கல்லை அறுத்து அறுத்து ஆழமான பள்ளத்தாக்குகளை உண்டாக்கியிருக்கின்றன. உம்சிகாபாவின் குறுக்கே 580 மீட்டருக்கு வடத்தில் தொங்கும் பாலம். உம்டென்டுவின் மேலே ஒரு கிலோமீட்டருக்கும் நீளமான இன்னொன்று, ஆற்றிலிருந்து 220 மீட்டர் உயரத்தில். இரண்டு ஆறுகளுக்கும் நடுவில் எம்கம்பாட்டி காப்புக்காடு. உம்சிகாபாவின் பாறைச்சுவரில் கேப் பாறுக் கழுகுகள் கூடு வைத்துக் குஞ்சு பொரிக்கின்றன.

சில வருஷத்துக்கு முன்னால் நானும் என் தம்பியும் பேக்கி (பிக்அப்) வண்டியில் உம்டென்டு வரை போனோம். தார் ரோடு முடிந்து செம்மண், அப்புறம் வெறும் கல். ஆற்றில் துடுப்புப் படகில் ஏற்றிக்கொண்டு போன பெரியவர், வடகரைப் பாறையைக் காட்டினார். நம்ம ஊர்த் தென்னையைக் குட்டையாக்கிக் கொத்துக்கொத்தாக நட்டு வைத்த மாதிரி மரங்கள். பொண்டோ தென்னை. உலகத்திலேயே இந்த இரண்டு ஆற்றங்கரையில்தான் அது தானாக வளர்கிறது. கீழே விழுந்து கிடந்த காய் ஒன்றை எடுத்து என் கையில் வைத்தார். எலுமிச்சம்பழத்தைவிடச் சின்னது. நாரை உரித்தால் உள்ளே ஓடு, அதில் மூன்று கண்! கல்லில் தட்டி உடைத்தார். வெள்ளை வெளேரென்று பருப்பு. கோயில் வாசலில் தேங்காய் உடைப்பதைப் பார்த்து வளர்ந்தவன் நான். அந்தத் துண்டை வாயில் போட்டுக்கொண்டபோது ஏதோ பிரசாதம் வாங்கிய மாதிரிதான் இருந்தது.

"பாலம் மேலே போகுது, மரத்தை யார் தொடப் போறா?" என்று கேட்பார்கள். பாலம் ஆகாயத்திலிருந்தா இறங்கும்? கரையைக் குடைய வேண்டும், பாறைக்கு வெடி வைக்க வேண்டும், லாரி போக வழி வெட்ட வேண்டும். வெட்டிய மண் மழையில் ஆற்றுக்குத்தான் வரும். பாலத்தோடு முடிகிற கதையும் இல்லை. சாலை வந்த இடத்துக்குப் பின்னாலேயே மற்றதெல்லாம் வரும். பக்கத்து ஹோலோபேனி கடற்கரையின் செம்மணலில் டைட்டானியம் இருக்கிறது. அதைத் தோண்ட வருஷக்கணக்காக முயற்சி நடக்கிறது. சாலை யாருக்காக என்று அங்கே வாழும் அமாடிபா மக்கள் சந்தேகப்படுவது இதனால்தான். சுரங்கத்தை எதிர்த்து நின்ற அமாடிபா கிரைசிஸ் கமிட்டியின் தலைவர் சிகோசிபி ராடெபேயை 2016 மார்ச்சில் அவர் வீட்டு வாசலிலேயே சுட்டுக் கொன்றார்கள். அந்த மக்களின் முழுச் சம்மதம் இல்லாமல் சுரங்க உரிமம் கொடுக்கக் கூடாது என்று பிரிட்டோரியா உயர் நீதிமன்றம் 2018-ல் தீர்ப்புச் சொன்னது. மண்ணுக்குக் கீழே உள்ளதை எடுக்கச் சம்மதம் வேண்டும் என்றால், மண்ணுக்கு மேலே சாலை போடவும் வேண்டும்தானே?

முதலில் கொடுத்த சுற்றுச்சூழல் அனுமதியே நிற்கவில்லை. ஆய்வு செய்தவர்களுக்கும் திட்டத்தைக் கொண்டுவந்தவர்களுக்கும் தொடர்பு இருந்ததால் 2004-ல் அமைச்சரே அதைத் தள்ளினார். 2010-ல் மறுபடியும் அனுமதி வந்தது. பாதை என்னவோ கடற்கரையை விட்டு நகரவில்லை.

அந்தப் பக்கத்து ஆட்களுக்கே ரோடு வேண்டும் என்பார்கள். வேண்டும்தான், நானும் சொல்கிறேன். வேலை கேட்டு அந்தச் சாலையை வரவேற்கிற குடும்பங்களும் அங்கே உண்டு, அவர்களை நான் குறை சொல்ல மாட்டேன். ஆனால் பிரசவ வலி வந்த பெண்ணுக்குத் தேவை, தன் வீட்டிலிருந்து கிளினிக் வரை மழையிலும் போகக்கூடிய ரோடு. பள்ளத்தாக்கின் மேலே நூற்றிருபதில் பறக்கிற லாரிச் சாலையில் அவள் எங்கே ஏறுவாள்? சாலை போகும் வழியில் உள்ள சிகிடி ஊர்க்காரர்கள் கேட்டதும் பெரிய விஷயம் இல்லை. எங்கள் வீடுகளுக்கு நடுவில் வேண்டாம், பத்து கிலோமீட்டர் உள்ளே தள்ளிப் போடுங்கள் என்றார்கள். பொண்டோ வீடுகளில் முன்னோரை வீட்டுப் பக்கத்திலேயே அடக்கம் செய்கிறார்கள். வீட்டுக்கு நஷ்ட ஈடு கொடுக்கலாம், அந்த மண்ணுக்கு?

தென்னாப்பிரிக்கத் தமிழர்களான நாம் இதைப் பார்த்துக்கொண்டு தலையாட்டுவதுதான் எனக்குத் தாங்கவில்லை. என் ஆயா வீடு டர்பனின் கேட்டோ மேனரில் இருந்தது. தகரக் கூரை, பின்னால் வாழை, முருங்கை, ஒரு சின்ன மாரியம்மன் மேடை. இனம் பார்த்துக் குடியிருப்பைப் பிரித்த குரூப் ஏரியாஸ் சட்டத்தில் அறுபதுகளில் எல்லாம் போய், சாட்ஸ்வொர்த்தில் ஓர் எண் போட்ட வீடு கிடைத்தது. சாட்ஸ்வொர்த் நிலமும் இந்திய வாழை விவசாயிகளிடம் பறித்ததுதான். ஆயா சாகும்வரை அந்த முருங்கையைப் பற்றிப் பேசினாள். மேடை இருந்த இடம் எது என்று இன்றைக்கு யாருக்கும் காட்டத் தெரியாது. யாரோ வரைபடத்தில் கோடு போட்டார்கள், நாம் நகர்ந்தோம். இப்போது இன்னொருவர் வீட்டின் மேல் கோடு விழுகிறது, நாம் மிச்சமாகும் நேரத்தைக் கணக்குப் பார்க்கிறோம்.

பாலம் பாதி எழும்பிவிட்டது, இனி பேசி என்ன ஆகும் என்று ஒருவர் கேட்டார். பாலத்துக்கு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் சாலை போகும் ஊர்கள் இருக்கின்றன. அங்கே ஒவ்வொரு வீட்டையும் கேட்காமல் நகர்த்தக் கூடாது, கல்லறையைத் தொடக் கூடாது, கிராம ரோடுகளை முதலில் போட வேண்டும், சாலையைக் காட்டிச் சுரங்கம் உள்ளே வரக் கூடாது. இதையெல்லாம் கேட்க இன்னும் நேரம் இருக்கிறது.

மாமா, நீங்களும் இதைப் படிப்பீர்கள். கோபம் வேண்டாம். ஈஸ்டர் லீவில் பேக்கியில் இடம் இருக்கிறது, வாங்க, உம்டென்டு போய் வரலாம். போன தடவை நாங்கள் தங்கிய வீட்டில் மதும்பி (சேப்பங்கிழங்கு) அவித்து, உப்பு மட்டும் தொட்டுக்கொள்ளக் கொடுத்தார்கள். ஆயா புளி ஊற்றி வைப்பாளே, அதே மதும்பி.