லிண்டாவின் பெயரும் அட்டையில் இருக்கிறது

சனிக்கிழமை ஆழ்வார்பேட்டையில் 'ராம்' ஆல்பத்தைப் பற்றி நடந்த அமர்வைக் குறித்து எழுத வேண்டாம் என்றுதான் இருந்தேன். அன்று வந்தவர்களில் பாதிப் பேர் இங்கேயும் என் நண்பர்கள். ஆனால் நேற்று ஒருவர் போன் செய்து, "அந்த கிளிப்புக்கு எல்லாரும் சிரிச்சாங்க, நீங்க மட்டும் ஏன் மூஞ்சியைத் தூக்கி வெச்சுக்கிட்டீங்க?" என்று கேட்டார். சரி, சொல்லிவிடுகிறேன்.

அமர்வை நடத்தியவர்களே, பீட்டில்ஸ் குழு பிரிந்த பிறகு பால் மெக்கார்ட்னி மனைவி லிண்டாவோடு போட்ட 'ராம்' ஆல்பத்துக்கு அநியாயம் நடந்துவிட்டது என்று அவ்வளவு நேரம் பேசினீர்கள். உண்மைதான். 1971 மே மாதம் அது வந்தபோது ரோலிங் ஸ்டோன் இசை இதழில் விமர்சகர் ஜான் லாண்டாவ், அறுபதுகளின் ராக் இசை சிதைந்ததில் இதுதான் அடிமட்டம் என்கிற அளவுக்கு எழுதினார். பீட்டில்ஸில் பாலோடு கூட இருந்த ரிங்கோவே அதில் ஒரு ட்யூன்கூட இல்லை என்றார். இன்னொரு பீட்டில்ஸ்காரர் ஜான் லெனன் தன் 'இமேஜின்' ஆல்பத்தில் பாலைத் திட்ட ஒரு முழுப் பாட்டையே ஒதுக்கினார். அதில் கிதார் வாசித்தது நாலாவது பீட்டில்ஸ்காரர் ஜார்ஜ். 'ராம்' அட்டையில் பால் ஆட்டுக்கிடாவின் கொம்பைப் பிடித்திருப்பதைக் கேலி செய்ய, லெனன் தான் பன்றியைப் பிடித்திருக்கும் படத்தை அஞ்சலட்டையாக்கி உள்ளே வைத்தார். மக்கள் வாங்கத்தான் செய்தார்கள், பிரிட்டனில் முதலிடம். ஆனாலும் பேர் கெட்டது கெட்டதுதான். 2020-இல் அதே ரோலிங் ஸ்டோன் தன் 500 சிறந்த ஆல்பங்களின் பட்டியலில் 'ராமை'ச் சேர்த்தது.

இதையெல்லாம் அழகாகச் சொன்னீர்கள். சொல்லி முடித்த கையோடு, 1990-இல் இங்கிலாந்தின் நெப்வொர்த் கச்சேரி மேடையில் லிண்டாவின் மைக்கை மட்டும் தனியாகப் பிரித்தெடுத்த அந்தப் பழைய ஒலித்துண்டைப் போட்டீர்கள். ஹால் முழுக்கச் சிரிப்பு. "பாவம் பால், பொண்டாட்டியையும் கூட்டிக்கிட்டு எப்படித்தான் இந்த ஆல்பத்தைப் போட்டாரோ!"

கூட்டிக்கொண்டு போட்டதுதான் இந்த ஆல்பம். இதை எத்தனை முறை வேண்டுமானாலும் சொல்வேன். அட்டையில் 'பால் அண்ட் லிண்டா மெக்கார்ட்னி' என்று இருக்கிறது. இருவர் பெயரிலும் வந்த ஒரே ஆல்பம் இதுதான். நியூயார்க்கில் புது டிரம்மர், புது கிதாரிஸ்ட்டுகளோடு பதிவு செய்தபோது, பாலின் குரலுக்குப் பின்னால் சேர்ந்து வரும் இரண்டாம் குரல்களுக்காகப் பக்கத்தில் நின்றவர் லிண்டா.

'டியர் பாய்' பாட்டை ஹெட்போனில் கேளுங்கள். இரண்டு நிமிடத்துக்குக் கொஞ்சம் கூடுதல், அவ்வளவுதான். ஒரு குரல் வரியை முடிப்பதற்குள் இன்னொன்று பின்னாலிருந்து எழும்பி வரும், அதன்மேல் இன்னொன்று ஏறும். அந்த அடுக்கில் அதிர்வே இல்லாமல், கொஞ்சம் மூக்கால் பாடுவதுபோல நேராக ஒரு பெண் குரல் நிற்கிறதே, அதை எடுத்துவிட்டால் பாட்டு பல் போன வாய் மாதிரி ஆகிவிடும். தேர்ந்த பாடகி ஒருவர் பாடியிருந்தால் இன்னும் சுத்தமாக இருந்திருக்கும். ஆனால் இன்று நீங்கள் கொண்டாடுகிற அந்த வீட்டுத்தன்மை, அந்தப் பச்சையான ஒலி இருந்திருக்காது.

"அவர் முறையாகப் பாட்டுக் கற்றவர் இல்லையே" என்பீர்கள். பாலுக்கே நொட்டேஷன், அதாவது எழுதிவைத்த இசைக்குறிப்பு, படிக்கத் தெரியாது. அதை மேதைமை என்கிறீர்கள். லிண்டாவுக்கு மட்டும் அது எப்படிக் குறையாகிறது?

"நெப்வொர்த் பதிவு பொய்யா?" பொய் இல்லை. கீபோர்டு வாசித்துக்கொண்டே, அத்தனை பெரிய கூட்டத்தின் முன் கோரஸ் பாடுபவரின் மைக்கைத் தனியாக உருவிக் கேட்டால் எவர் குரலும் நடுங்கும். அன்று மேடையிலிருந்த மற்றவர்களின் மைக்கை யாரும் உருவவில்லை. அதைப் பற்றி ஏன் யாருமே கேட்பதில்லை?

"வெள்ளைக்காரர்கள் சமாச்சாரம், உங்களுக்கு ஏன் இவ்வளவு கோபம்?" என்றும் ஒருவர் கேட்டார். சொல்கிறேன்.

எனக்கு 'ராம்' வந்தது பெரம்பூரில். எதிர்வீட்டு ஆங்கிலோ இந்தியக் குடும்பம் ஆஸ்திரேலியாவுக்குக் கிளம்பும்போது அண்ணனுக்குக் கொடுத்துவிட்டுப் போன கேசட்டுகளில் ஒன்று. அண்ணன் அப்போது மெல்லிசைக் குழு வைத்திருந்தார். கொளத்தூர், வில்லிவாக்கம் பக்கம் கல்யாண ரிசப்ஷன்கள். அண்ணிதான் செகண்ட் வாய்ஸ், ஹம்மிங், கோரஸ் எல்லாம். ரெக்சின் அட்டை போட்ட நோட்டில் ஒவ்வொரு பாட்டுக்கும் மேல் ஓரத்தில் சிவப்பு மையில் ஸ்கேல் எழுதி வைத்திருப்பார். பாடும்போது ஒரு காதை விரலால் பொத்திக்கொள்வார், டிரம்ஸ் சத்தத்தில் தன் சுருதி தனக்கே கேட்காது என்பதால்.

கச்சேரி முடிந்து சம்பளக் கவர் பிரிப்பார்கள். கீபோர்டுக்கு ஒன்று, தபேலாவுக்கு ஒன்று, மெயின் பாடகிக்கு ஒன்று. அண்ணிக்குக் கிடையாது. ஒரு கல்யாண வீட்டுப் பெரியவர் அண்ணனிடம், "என்ன தம்பி, சம்சாரத்தையே ஏத்திட்டீங்க, ஒரு ஆள் செலவு மிச்சம்!" என்று சிரித்தார். அண்ணனும் சிரித்தார். அண்ணி நோட்டைப் பைக்குள் வைத்துக்கொண்டிருந்தார். அண்ணன் மேல் எனக்கு அந்த வருத்தம் இன்றைக்கும் உண்டு. அண்ணன் இதைப் படிப்பார். படிக்கட்டும்.

லிண்டா விஷயத்திலும் பணம்தான் முதலில் வந்தது. பாட்டெழுதியவர்கள் என்று இருவர் பெயரையும் போட்டதற்கு, பாலின் பாடல் உரிமையை வைத்திருந்த நிறுவனம் வழக்கே போட்டது. இந்தப் பெண்ணால் பாட்டு எழுத முடியாது, ராயல்டியில் பாதியைப் பிடுங்கத்தான் இந்தப் பெயர் என்பது அவர்கள் வாதம். கடைசியில் சமரசமாகத்தான் முடிந்தது. கேலி மட்டும் முடியவில்லை. 1998-இல் அவர் இறந்த பிறகும் அந்த ஒலித்துண்டு ஊர் ஊராகப் போய், சனிக்கிழமை சென்னைக்கும் வந்துவிட்டது.

விமர்சகர்களைத் திட்டினீர்களே, அவர்களாவது ஆல்பம் மொத்தத்தையும் சேர்த்துத் திட்டினார்கள். நீங்கள் பாட்டைப் பாலுக்குக் கொடுத்துவிட்டுக் கேலியை லிண்டாவுக்குக் கொடுக்கிறீர்கள். இதற்குப் பெயர் மறுமதிப்பீடா? அரை ஆல்பத்தைத்தானே கேட்டிருக்கிறீர்கள்! மேடையில் கணவன் பக்கத்தில் நின்று பாடுகிற பெண் என்றாலே ஒட்டிக்கொண்டு வந்தவள் என்று எப்படி இவ்வளவு சுலபமாக முடிவு செய்துவிடுகிறீர்கள்? அவள் எத்தனை இரவு உட்கார்ந்து அந்த வரியைப் பழகினாள் என்று ஒருவருக்காவது கேட்கத் தோன்றாதா?

உங்கள் போஸ்டரில் 'பால் மெக்கார்ட்னியின் ராம்' என்று இருந்தது. அடுத்த மாதம் கல்லூரிப் பிள்ளைகளுக்காக இதே அமர்வை மறுபடி நடத்துவதாக அறிவித்திருக்கிறீர்கள். போஸ்டரில் லிண்டாவின் பெயரையும் சேருங்கள். அந்த கிளிப்பை எடுத்துவிட்டு அதே நேரத்தில் 'டியர் பாய்' முழுதாகப் போடுங்கள். நான் வருகிறேன், அண்ணியையும் அழைத்து வருகிறேன்.